செல்லில் இருந்தே செல்! - ஒரு படத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு

பள்ளியில் அறிவியல் படித்த எல்லோரும் ஒரு முறையாவது வரைந்திருக்கும் படம் அது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் செங்கல் வடிவில் தாவர செல். வலது பக்கம் ஒழுங்கில்லாத வட்டமாக விலங்கு செல். உள்ளே உட்கரு, அதைச் சுற்றி அவரை விதை போல மைட்டோகாண்ட்ரியா, தாவர செல்லில் மட்டும் பச்சைப் பென்சிலால் தீட்டிய பசுங்கணிகம். பாகங்களைக் குறித்து முடித்தால் ஐந்து மதிப்பெண் நிச்சயம்! தேர்வு முடிந்ததும் படமும் மறந்து போகும்.

ஆனால் அந்த ஒரு பக்கப் படத்தை வரைந்து முடிக்க ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. அதை வரைந்தவர்களில் ஒரு துணி வியாபாரி இருக்கிறார், ஒரு மது வியாபாரி இருக்கிறார், வேலையை விட்டுவிட்ட ஒரு வக்கீல் இருக்கிறார். பிறந்த மதத்தின் காரணமாகப் பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு மருத்துவரும் இருக்கிறார். மற்றவர்களின் பெயர்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மருத்துவரின் பெயர் பெரும்பாலான புத்தகங்களில் இல்லை. இந்தக் கதையில் மிக முக்கியமான உண்மையைக் கண்டவர்களில் அவரே முதன்மையானவர்.

தக்கையில் தெரிந்த அறைகள்

1665ஆம் ஆண்டு லண்டனில் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் ஹூக். ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்து காட்டும் பொறுப்பில் இருந்தவர். ஈ, தெள்ளுப்பூச்சி, ஊசி முனை, துணியின் நெசவு என்று நுண்ணோக்கியில் பார்த்த எல்லாவற்றையும் பெரிய பெரிய படங்களாக வரைந்திருந்தார். ஆங்கிலக் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் இந்தப் புத்தகத்தை வாங்கி இரவு இரண்டு மணி வரை படித்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சிறு பகுதி பாட்டில் தக்கையைப் பற்றியது. தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது? அழுத்தினால் அமுங்கி, விட்டால் ஏன் பழைய நிலைக்கு வருகிறது? ஏன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை? இவைதான் ஹூக்கின் கேள்விகள். கூர்மையான கத்தியால் தக்கையை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போல வரிசை வரிசையாகச் சிறு பெட்டிகள் தெரிந்தன. பெட்டிகளுக்குள் இருந்தது வெறும் காற்று. மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

அந்தப் பெட்டிகளுக்கு அவர் வைத்த பெயர்தான் செல். 'சிறிய அறை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஹூக் கணக்கும் போட்டார். ஒரு அங்குல நீளத்தில் 1,080 அறைகள். அப்படியானால் ஒரு கன அங்குலத்தில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம் அறைகள்! தன் கணக்கைத் தானே நம்ப முடியாமல் வியந்தார்.

ஆனால் தக்கையில் ஹூக் பார்த்தவை உயிருள்ள செல்கள் அல்ல. தக்கை என்பது மரப்பட்டை. அதன் செல்கள் இறந்து, உள்ளே இருந்ததெல்லாம் மறைந்து, சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைத்தான் அவர் பார்த்தார். பச்சைச் செடிகளின் தண்டிலும் இதே அறைகளைப் பார்த்து, அவற்றில் சாறு நிறைந்திருப்பதையும் குறித்தார். அந்தச் சாறுதான் முக்கியம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைச் செல் என்றும் உயிரணு என்றும் சொல்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கலம் என்கின்றன. கலம் என்றால் பாத்திரம். அறை என்றால் சுவர் நினைவுக்கு வருகிறது. பாத்திரம் என்றால் உள்ளே இருப்பது நினைவுக்கு வருகிறது. அறையில் இருந்து பாத்திரத்துக்கு வருவதற்குத்தான் அடுத்த 170 ஆண்டுகள் தேவைப்பட்டன.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லேவன்ஹூக் (1632 - 1723) துணிக்கடை நடத்தி வந்தார். துணியின் தரத்தை அறிய நூல் இழைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். லேவன்ஹூக் அதோடு நிற்கவில்லை. தானே கண்ணாடியைத் தேய்த்துச் சிறு மணி அளவில் லென்ஸ்கள் செய்தார். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிகச் சிறந்தது பொருள்களை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

அவருக்கு லத்தீன் தெரியாது, பல்கலைக்கழகப் படிப்பும் கிடையாது. குளத்து நீர், மிளகு ஊறிய நீர், பல் அழுக்கு, ரத்தம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்து, தன் தாய்மொழியான டச்சு மொழியில் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1676இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், ஒரு துளி நீரில் எண்ணற்ற குட்டி உயிர்கள் நீந்துவதாகச் சொன்னபோது லண்டனில் பலர் நம்பவில்லை. 1677இல் ஹூக் தானே சோதித்துப் பார்த்து அது உண்மை என்று அறிவித்தார். 1680இல் அந்தத் துணி வியாபாரியை ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது.

ஹூக் பார்த்தது தாவரத்தின் காலி அறைகள். லேவன்ஹூக் பார்த்தது துள்ளித் திரியும் தனி உயிர்கள். இரண்டும் ஒரே வகைப் பொருள் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்குச் செல்லைப் பற்றிய அறிவு பெரிதாக வளரவில்லை. முதல் காரணம் கருவி. அந்தக் கால நுண்ணோக்கிகளில் லென்ஸ், ஒளியை வானவில் போலப் பிரித்துவிடும். பார்க்கும் பொருளைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். பெரிதாக்கப் பெரிதாக்க மங்கலும் அதிகமாகும். உடல் திசுக்கள் எல்லாமே சிறு சிறு உருண்டைகளால் ஆனவை என்று பலர் எழுதினார்கள். அந்த உருண்டைகள் லென்ஸின் குறையால் தோன்றியவை!

இதைச் சரி செய்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற லண்டன் மது வியாபாரி. (அறுவை சிகிச்சையில் கிருமி நீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் தந்தை.) வெவ்வேறு கண்ணாடிகளால் ஆன லென்ஸ்களைக் குறிப்பிட்ட தூரத்தில் இணைத்தால் வண்ணக் கலப்பும் மங்கலும் குறையும் என்பதை 1830இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1827இல், தாமஸ் ஹாட்ஜ்கினுடன் சேர்ந்து திசுக்களில் அந்த உருண்டைகள் இல்லை என்று காட்டியிருந்தார்.

இரண்டாவது காரணம் செல்களிலேயே இருக்கிறது. தாவர செல்லுக்குச் செல்லுலோஸால் ஆன கெட்டியான சுவர் உண்டு. செல் இறந்த பிறகும் அது நிற்கும். விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது. மிக மெல்லிய சவ்வு மட்டும்தான். நிறமும் இல்லை. நுண்ணோக்கியில் வைத்தால் எங்கே ஒரு செல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால்தான் செல் என்பது தாவரங்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று பல காலம் நினைத்தார்கள்.

1831இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடிகளின் செல்களில் ஒரு வட்டமான புள்ளி திரும்பத் திரும்பத் தென்படுவதை லண்டன் லின்னேயன் சங்கத்தில் விளக்கினார். அதற்கு முன்பும் சிலர் அதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான தாவர செல்களில் அது உண்டு என்பதைக் கவனித்து நியூக்ளியஸ் என்று பெயரிட்டவர் அவர்தான். அதுதான் இன்றைய உட்கரு.

ஒரு விருந்தில் இணைந்த இரண்டு உலகங்கள்

மத்தியாஸ் ஷ்லைடன் ஹாம்பர்க் நகரில் வக்கீலாக இருந்தவர். தொழில் சரிப்படாமல், மனமுடைந்து தற்கொலை வரை போய் உயிர் பிழைத்து, பிறகு தாவரவியலுக்கு வந்தார். தாவரத்தின் எல்லாப் பாகங்களும் செல்களால் ஆனவை, செல் உருவாவதில் உட்கருவுக்குப் பங்கு உண்டு என்று 1838இல் எழுதினார்.

தியோடர் ஷ்வான் பெர்லினில் யோஹன்னஸ் முல்லரின் ஆய்வுக்கூடத்தில் விலங்குத் திசுக்களை ஆராய்ந்தவர். இரைப்பையில் செரிமானத்துக்கு உதவும் பெப்சினை 1836இல் கண்டவர். ஒரு நாள் இருவரும் சேர்ந்து உணவருந்தினார்கள். பேச்சுவாக்கில் ஷ்லைடன் தாவர செல்லின் உட்கருவைப் பற்றி விவரித்தார். ஷ்வானுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தவளைக் குஞ்சின் முதுகுநாணில் தான் பார்த்ததும் இதே போலத்தானே இருந்தது! இருவரும் எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒரே மாதிரி இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஷ்வானே இந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்தார்.

1839இல் ஷ்வானின் நூல் வெளிவந்தது. தாவரமும் விலங்கும் அடிப்படையில் ஒரே அலகால் கட்டப்பட்டவை என்பதே அதன் சாரம். குருத்தெலும்பு, தசை, நரம்பு, நகம், இறகு என்று ஒவ்வொரு திசுவாக எடுத்துச் செல்லில் இருந்து அது உருவாவதைக் காட்டினார். சுவர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை விட்டு உட்கருவைத் தேடியதுதான் அவர் கண்ட வழி. பாடப் புத்தகத்தில் இரண்டு படங்களும் ஒரே பக்கத்தில் இருப்பதற்கு இந்த விருந்தே தொடக்கம்.

கொள்கையில் இருந்த ஓட்டை

செல் கொள்கை என்றதும் ஷ்லைடன், ஷ்வான் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு முக்கியமான கேள்விக்கு இருவரும் தவறான விடை சொன்னார்கள். புதிய செல் எங்கிருந்து வருகிறது?

உப்புக் கரைசலில் படிகம் உருவாவதைப் போல, உடலில் உள்ள ஒரு திரவத்தில் முதலில் உட்கரு திரளும், அதைச் சுற்றிச் செல் வளரும் என்று அவர்கள் நினைத்தார்கள். அதாவது செல் இல்லாத இடத்தில் தானாகவே செல் தோன்றும்! அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றும் என்ற பழைய நம்பிக்கை, வேறு உருவில் மறுபடியும் வந்துவிட்டது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். செல் தானாகத் தோன்றும் என்றால், உடலில் வரும் கட்டியும் சீழும் திரவத்தில் இருந்து தானாகத் தோன்றியவை என்றாகும். அன்றைய மருத்துவர்கள் பலர் அப்படித்தான் நம்பினார்கள். நோயாளியின் சொந்த செல்லிலேயே நோயின் தொடக்கத்தைத் தேட வேண்டும் என்ற எண்ணம் வரவே வராது. இந்த ஒரு கேள்விக்கான விடையில்தான் பிற்கால மருத்துவம் தொங்கிக்கொண்டிருந்தது.

செல் இரண்டாகப் பிரிவதைச் சிலர் முன்பே பார்த்திருந்தார்கள். 1832இல் பெல்ஜியத்தின் துமோர்த்தியேயும், 1835இல் ஜெர்மனியின் ஹ்யூகோ ஃபான் மோலும் பாசிகளில் இதை விவரித்தார்கள். ஆனால் அது பாசிகளின் தனிப்பழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. விலங்கு உடலில் செல் எப்படி வருகிறது என்பதைக் காட்டுவதுதான் கடினமான வேலை.

ராபர்ட் ரெமாக்

அந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் ரெமாக். 1815இல் அன்றைய பிரஷ்யாவின் போசன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். (இன்று அது போலந்தில் உள்ள போஸ்னான்.) பெர்லினில் மருத்துவம் படித்து 1838இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே நரம்புகளை ஆராய்ந்து பெயர் வாங்கினார். ஒரு வகை நரம்பிழை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

ஆனால் பிரஷ்யாவில் யூதர்கள் மருத்துவம் படிக்கலாம், வைத்தியம் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த முடியாது. ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக மாறினால் கதவு திறக்கும். பலர் மாறினார்கள். ரெமாக் மறுத்துவிட்டார். மன்னருக்கே மனு எழுதினார். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் போன்ற பெரியவர்கள் அவருக்காகப் பேசினார்கள். கடைசியில் 1847இல்தான் விரிவுரையாற்ற அனுமதி கிடைத்தது. மதம் மாறாமல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய முதல் யூதர் அவர். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. மாணவர்கள் கட்டும் கட்டணம்தான் வருமானம். வயிற்றுப் பாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஆராய்ச்சிக்காக அவர் எதற்கும் துணிந்தவர். தலையில் வரும் ஒரு தோல் நோய்க்குக் காரணம் பூஞ்சைதான் என்று நிரூபிக்க, தன் கையிலேயே அதைத் தொற்றவைத்துப் பார்த்தார்!

1841இல் கோழிக் கருவின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் இரண்டாகப் பிரிவதைக் கண்டார். (மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, அது பிரியாது. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு.) ஆனால் உடனே பெரிய முடிவுக்குத் தாவவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் கோழி, தவளை ஆகியவற்றின் கருக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தவளை முட்டை இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிவது எல்லோருக்கும் தெரியும். அது செல் பிரிதல்தானா என்பதில் சந்தேகம் இருந்தது. இடையில் சவ்வு இருப்பது தெரியவில்லை. ரெமாக் முட்டைகளை வேதிப்பொருள்களால் கெட்டிப்படுத்தி, சவ்வு உள்நோக்கி மடிந்து செல்லை இரண்டாக்குவதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார்.

1852இல் தன் முடிவை வெளியிட்டார். செல்லுக்கு வெளியே செல் உருவாவதில்லை. உடலில் உள்ள செல்கள் எல்லாம் முன்பிருந்த செல்கள் பிரிந்து வந்தவை. முட்டை என்ற ஒரே செல்லில் தொடங்கி முழு உடல் வரை இந்தச் சங்கிலி எங்கும் அறுவதில்லை. 1854இல் புற்றுக்கட்டிகளைப் பற்றி எழுதியபோதும் இதே பார்வையைக் கொண்டுவந்தார். கட்டியும் உடலின் சொந்த செல்களில் இருந்து வருவதுதான்.

வாக்கியம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது

1855இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மருத்துவர் தன் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'எல்லாச் செல்லும் செல்லில் இருந்தே' என்ற பொருள்படும் லத்தீன் வாக்கியம் அதில் இருந்தது. 1858இல் பெர்லினில் ஆற்றிய இருபது சொற்பொழிவுகளைத் தொகுத்து 'செல் நோயியல்' என்ற நூலாகவும் வெளியிட்டார். நோய் என்பது செல்லில் ஏற்படும் மாற்றம் என்ற அந்த நூலின் கருத்து மருத்துவ உலகையே புரட்டிப் போட்டது. இன்று திசுவைச் சிறிது வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களே, அதன் அடிப்படை இதுதான்.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை விர்ச்சோவும் செல் திரவத்தில் தோன்றும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். ரெமாக்கின் ஆய்வுகள் வெளிவந்த பிறகே மாறினார். 1855ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரெமாக்குக்கு உரிய இடம் தரப்படவில்லை. ரெமாக் மனம் புண்பட்டார். உலகமோ அந்த லத்தீன் வாக்கியத்தை விர்ச்சோ பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொண்டது.

விர்ச்சோவை வில்லனாக்கிவிடவும் முடியாது. 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அதற்கு மருந்து வறுமை ஒழிப்பும் கல்வியும்தான் என்று அரசாங்கத்துக்கே அறிக்கை எழுதியவர் அவர். அரசியலில் யூத வெறுப்பை எதிர்த்தவர். நாற்காலி உள்ளவரின் வாக்கியம் எல்லோர் காதுக்கும் போகிறது. நாற்காலி மறுக்கப்பட்டவரின் பத்தாண்டு உழைப்பு ஆய்விதழின் பக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. விர்ச்சோ 1856இல் பெர்லினில் முழுப் பேராசிரியர் ஆனார். ரெமாக்குக்கு 1859இல்தான் அதற்குக் கீழான ஒரு பதவி கிடைத்தது. 1865இல், ஐம்பது வயதில், காலமானார்.

அவருடைய பேரனின் பெயரும் ராபர்ட் ரெமாக்தான். கணித அறிஞர். பொருளாதாரம் ஒரு துல்லியமான அறிவியலாக முடியுமா என்ற கேள்வியை வைத்து 1929இல் கட்டுரை எழுதியவர். 1933இல் நாஜிகள் அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தார்கள். 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். தாத்தாவுக்கு அடைக்கப்பட்டு, போராடித் திறந்த கதவு, பேரன் காலத்தில் மறுபடியும் அடைக்கப்பட்டது.

உள்ளே இருப்பவர்களின் அறிமுகம்

செல் செல்லில் இருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான், அப்படியானால் உள்ளே என்ன பிரிகிறது, எப்படிப் பிரிகிறது என்ற கேள்வி எழுந்தது. துணிச் சாயத் தொழிலுக்காக உருவான செயற்கைச் சாயங்கள் இதற்குக் கை கொடுத்தன. வால்தர் ஃப்ளெமிங் சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில உயிரியின் செல்களுக்குச் சாயமேற்றி, உட்கருவுக்குள் நூல் போன்ற இழைகள் தோன்றுவதையும், அவை நீளவாக்கில் பிளந்து இரு பக்கமும் சமமாகப் பிரிந்து போவதையும் 1882இல் படங்களோடு வெளியிட்டார். நூலுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து அதற்கு மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். அந்த இழைகளுக்கு 1888இல் குரோமோசோம் என்ற பெயர் வந்தது.

மற்ற பாகங்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

மைட்டோகாண்ட்ரியா: 1890இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் இவற்றை விவரித்தார். 1898இல் கார்ல் பெண்டா இன்றைய பெயரை வைத்தார். உணவில் உள்ள ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித் தருவது இதன் வேலை. ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே, எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆகியோரும் தனித்தனியே கண்டார்கள். சுப்பாராவ் ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஏடிபியைச் செல்லின் பணம் என்று சொல்வது மிகப் பொருத்தம். எந்த நேரத்திலும் உடலில் இருப்பது சிறிதளவே. ஆனால் அதுவே திரும்பத் திரும்பக் கைமாறி, ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமமாகிவிடுகிறது. பணப்புழக்க வேகம் என்று பொருளாதாரத்தில் படிப்பது இதுதானே!

கோல்கை உறுப்பு: இத்தாலியின் கமிலோ கோல்கி 1898இல் ஆந்தையின் மூளை செல்களில் கண்டார். செல் தயாரிக்கும் புரதங்களைப் பிரித்து, பொட்டலம் கட்டி, உரிய இடத்துக்கு அனுப்பும் பார்சல் அலுவலகம். சாயத்தால் வந்த மாயத் தோற்றம் என்று பலர் ஐம்பது ஆண்டுகள் இதை நம்பவே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

ரைபோசோம், லைசோசோம்: எலக்ட்ரான் நுண்ணோக்கி 1931இல் ஜெர்மனியில் உருவானது. 1945இல் ஒரு முழு செல்லின் படம் முதன்முறையாக அதில் எடுக்கப்பட்டது. 1955இல் ஜார்ஜ் பலாடே, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் துகள்களை விவரித்தார். அதே ஆண்டில் கிறிஸ்டியன் த தூவ், கழிவுகளைச் செரித்து அழிக்கும் லைசோசோமுக்குப் பெயர் வைத்தார். இவர்கள் இருவருக்கும், ஆல்பர்ட் குளோடுக்கும் 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாவர செல்லும் விலங்கு செல்லும்: எங்கே ஒன்று, எங்கே வேறு?

உட்கரு, செல் சவ்வு, சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு ஆகியவை இரண்டுக்கும் பொது. தாவரத்தில் மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தாவரமும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது.

வேறுபாடுகள் இவை:

1. செல் சுவர் - தாவர செல்லுக்கு உண்டு, விலங்கு செல்லுக்கு இல்லை. அதனால்தான் மரம் எலும்பில்லாமலே நிமிர்ந்து நிற்கிறது. அதே காரணத்தால் அதன் செல்கள் இடம்விட்டு இடம் நகர முடியாது. நம் வெள்ளையணுக்களோ கிருமியைத் தேடி ஊர்ந்து போகின்றன.

2. பசுங்கணிகம் - தாவரத்தின் பச்சைப் பாகங்களில் மட்டும் உண்டு. சூரிய ஒளியை வைத்துச் சர்க்கரை தயாரிக்கும் இடம். வேர் செல்லில் இது இருக்காது.

3. நுண்குமிழ் - முதிர்ந்த தாவர செல்லில் பெரும்பகுதியை ஒரே பெரிய நுண்குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். அதிலுள்ள நீரின் அழுத்தம்தான் இலையை விறைப்பாக வைத்திருக்கிறது. வாடத் தொடங்கிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தால் மறுபடி நிமிர்வது இதனால்தான். விலங்கு செல்லில் நுண்குமிழ்கள் சிறியவை.

4. சென்ட்ரியோல் - விலங்கு செல்லில் உண்டு. பூக்கும் தாவரங்களில் இல்லை.

5. சேமிப்பு - தாவரம் மாவுச்சத்தாகச் சேமிக்கும். விலங்கு கிளைக்கோஜனாகச் சேமிக்கும்.

6. பிரியும் விதம் - விலங்கு செல் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போலச் சுருங்கிப் பிரியும். தாவர செல்லால் சுருங்க முடியாது, சுவர் தடுக்கும். எனவே நடுவில் புதிதாக ஒரு தடுப்பு கட்டிக்கொள்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது வீட்டின் நடுவில் சுவர் எழுப்புவது போல!

விருந்தாளியாக வந்து வீட்டுக்காரர் ஆனவர்கள்

ரெமாக்கின் விதிக்கு இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. பசுங்கணிகம் புதிதாக உருவாவதில்லை, முன்பிருந்த பசுங்கணிகம் பிரிந்துதான் வருகிறது என்பதை 1883இல் ஆந்த்ரேயாஸ் ஷிம்பர் கவனித்தார். ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த நுண்ணுயிரே உள்ளே குடியேறிப் பசுங்கணிகம் ஆகியிருக்க வேண்டும் என்று 1905இல் ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1960களின் தொடக்கத்தில் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனி டிஎன்ஏ இருப்பது தெரியவந்தது. 1967இல் லின் மார்குலிஸ் (அப்போது லின் சாகன்) இந்தக் கருத்தை ஆதாரங்களோடு விரிவாக எழுதினார். பதினைந்து ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். இன்று அது பாடநூலில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். தாவர செல் என்பது மூன்று பங்குதாரர்கள் கொண்ட கூட்டு நிறுவனம். விலங்கு செல்லில் பங்குதாரர்கள் இருவர். ஷ்வான் சொன்னது போல இரண்டும் ஒரே குடும்பம்தான்.

முடிவாக...

மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அத்தனையும் கருமுட்டை என்ற ஒரு செல்லில் இருந்து வந்தவை. அந்தக் கருமுட்டை தாயின் ஒரு செல்லும் தந்தையின் ஒரு செல்லும் சேர்ந்தது. அவர்கள் அவர்களுடைய பெற்றோரின் செல்களில் இருந்து வந்தவர்கள். இப்படியே பின்னோக்கிப் போனால், முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கூட அறுபடவில்லை. ஒரு முறை அறுந்திருந்தாலும் இன்று நாம் இல்லை.

தவளை முட்டையை வைத்து இதைக் காட்டியவருக்கு, அவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைக் கேட்டுப் பாடம் நடத்தும் உரிமையை ஒன்பது ஆண்டுகள் மறுத்தது ஒரு பல்கலைக்கழகம். பிறப்பைப் பார்த்தவர்கள் அவர்கள். எல்லாப் பிறப்பும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர் அவர்.

வீட்டில் தம்பியோ தங்கையோ அறிவியல் நோட்டில் அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தால், ஹூக், ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ என்று நான்கு பெயர்களை ஒப்பிப்பார்கள். ஐந்தாவதாக ரெமாக் என்ற பெயரையும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.